வருமான வரி கட்டாதவர்கள் வரியே கட்டாதவர்களா?

காட்பாடி, 30.10.2024

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. தங்கள் நாளிதழில் வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தின் கோயில் அபிஷேகமும் அவர் படம் போட்ட பதாகைகளும் வந்த அளவுக்கு, அமெரிக்கர்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பது வரவில்லை. அந்தக் குறையைப் போக்குவதுபோல், ஆற்காட்டிலிருந்து ஒரு அன்பர் போன வாரம் இதே பகுதியில் எழுதியிருந்தார். அமெரிக்காவில் இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லையாம், அதனால்தான் அந்த நாடு முன்னேறியதாம். இங்கே வருமான வரி கட்டுகிற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பணத்தில்தான் காப்பீட்டுத் திட்டமும் மகளிர் பஸ்ஸும் ஓடுகிறதாம். வரி கட்டாதவர்கள் ஓட்டுப் போட்டு வரி கட்டுகிறவனை மொட்டையடிக்கிறார்களாம்.

அன்பருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வேலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதினேன். தோல் ஏற்றுமதியாளர்கள், நகைக்கடைக்காரர்கள், லாட்ஜ் முதலாளிகள், தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர்கள் என்று வடஆற்காட்டில் வசதியானவர்கள் பலருடைய வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், என் கை வழியாகப் போயிருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதை வெளியே சொல்வது தொழில் தர்மம் ஆகாது. எப்படிக் கட்டாமல் தப்பிக்கலாம் என்று சட்டமே வழி சொல்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

அன்பர் எழுதியதை 2012ஆம் ஆண்டிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். அப்போது ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி, நன்கொடையாளர்கள் கூடிய ஒரு விருந்தில், மக்களில் 47 சதவீதம் பேர் வருமான வரி கட்டுவதில்லை, அவர்கள் அரசை நம்பிப் பிழைப்பவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது என் வேலை அல்ல என்ற பொருளில் பேசினார். யாரோ ரகசியமாகப் படம் பிடித்து வெளியே விட்டார்கள். அதே மாதம் அவருடைய சொந்த ரிட்டர்னும் வெளிவந்தது. 2011இல் 130 லட்சம் டாலருக்கு மேல் வருமானம், அதற்கு அவர் கட்டிய வருமான வரி ஏறக்குறைய 14 சதவீதம். சட்டத்தை அவர் மீறவில்லை. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி முதலீட்டில் வந்தது, அதற்கு அப்போது 15 சதவீதம்தான் வரி. முந்தைய ஆண்டு பெரும் கோடீஸ்வரரான வாரன் பஃபெட்டும் தன்னுடைய வரி விகிதம் தன் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் விகிதத்தைவிடக் குறைவு என்று பத்திரிகையில் எழுதியிருந்தார். ராம்னி சொன்ன அந்த 47 சதவீதத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் என்று தனி வரி பிடித்துவிடுவார்கள். கடையில் சாமான் வாங்கினால் விற்பனை வரி வேறு.

நம் ஊருக்கு வருவோம். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாளில் வருமான வரி அலுவலக வாசலை மிதிக்கப்போவதில்லை. ஆனால் இந்த 2024இல் அவர் வாங்கும் குளியல் சோப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பற்பசைக்கு 18, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 18. குடியாத்தத்திலேயே செய்கிற தீப்பெட்டிக்கு 12. பிள்ளைக்கு வாங்கும் செருப்புக்கும் 12. மாமியாருக்கு வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கும் 12. அவர் சுற்றும் பீடிக்கு 28, அது வேறு கதை. அந்த சோப்பை ஆற்காட்டு அன்பர் வாங்கினாலும் அதே 18தான், அவரைவிட நூறு மடங்கு சம்பாதிப்பவர் வாங்கினாலும் அதே 18தான். இந்தப் பெண்மணியை வரி கட்டாதவர் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

மேல்தட்டில் என்ன நடந்தது என்பதையும் அன்பர் கேட்டுக்கொள்ள வேண்டும். 1957இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது நம் நாட்டில் சொத்து வரி வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்குத் தனி ரிட்டர்ன் தாக்கல் செய்வோம். 90களின் தொடக்கத்தில் அதைத் திருத்தியபோது பங்குகளை எல்லாம் விட்டுவிட்டு, நகை, கார், நகர்ப்புற மனை, கையிருப்புப் பணம் என்று சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதன் விளைவை எங்கள் அலுவலக மேஜையில் பார்த்திருக்கிறேன். பாட்டி கொடுத்த ஒட்டியாணத்தை எடை போட்டு மதிப்பீட்டாளரிடம் சான்றிதழ் வாங்கி இணைப்போம். அதே வீட்டில் கோடிக்கணக்கில் இருக்கும் கம்பெனிப் பங்குகள் அந்தப் படிவத்தில் தலை காட்டாது. அப்படிப்பட்ட வரியில் என்ன பெரிதாக வசூலாகும்? 2013-14இல் நாடு முழுவதும் சேர்த்து 1,008 கோடிதான் வந்தது என்று சொல்லி, 2015 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு இருந்த வரி அதற்கு முப்பது வருடம் முன்பே, 1985இல் போய்விட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை ஒரே நாளில் 30இலிருந்து 22 ஆகவும், புதிய தொழிற்சாலைகளுக்கு 15 ஆகவும் குறைத்தார்கள். அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி குறையும் என்று அரசே சொன்னது. அன்றைக்கு 'இலவசம்' என்று யாரும் தங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அமெரிக்காவில் இப்போது சண்டை இதே இடத்தில்தான் நடக்கிறது. 2017இல் டிரம்ப் கம்பெனி வரியை 35இலிருந்து 21க்கு இறக்கினார். இந்த முறை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்பவர்களுக்கு 15 என்கிறார். ஹாரிஸ் 28க்கு ஏற்றுவேன் என்கிறார், அதாவது பழைய 35க்குப் பாதி தூரம். தனிநபர்களுக்கு 2017இல் கொடுத்த சலுகைகளில் பெரும்பாலானவை 2025 முடிவில் காலாவதியாகும்படி எழுதப்பட்டவை. ஆகவே யார் ஜெயித்தாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொன்று, பத்து கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள், விற்காத பங்கின் ஏற்றத்தையும் வருமானத்தில் சேர்த்துக் குறைந்தது 25 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்ற யோசனை. பைடன் கொண்டுவந்தது, ஹாரிஸும் ஆதரிக்கிறார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஒட்டியாணத்துக்கு மதிப்புப் போட்டவள் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மதிப்பைப் பற்றி வழக்கு நடக்கும், வக்கீல்கள் பிழைப்பார்கள். உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே பெரும் பணக்காரர் பங்கை விற்பதே இல்லை. அதை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார். கடன் வருமானம் ஆகாது, வரி இல்லை. அவர் இறந்த பிறகு வாரிசு அதை விற்றால், அப்பா வாங்கிய விலையைப் பார்க்க மாட்டார்கள். அப்பா இறந்த நாளின் சந்தை விலைதான் அடக்க விலை. நடுவில் ஏறிய அத்தனையும் வருமான வரிக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் கெட்டி. அப்பா 2005இல் சத்துவாச்சாரியில் வாங்கிய மனையைப் பிள்ளை இன்று விற்றாலும் அப்பா கொடுத்த விலைதான் கணக்கு. ஆனால் 2024 கணக்கில் அங்கே 136 லட்சம் டாலருக்கு மேல் விட்டுச்செல்பவரின் சொத்துக்கு 40 சதவீத வரி இருக்கிறது, இங்கே அது இல்லை. ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இனி வைத்தியம். "இலவசமே இல்லாத அமெரிக்கா" என்று அன்பர் எழுதியதைப் படித்து ஒஹையோவில் இருக்கும் என் மகள் சிரித்தாள். 65 வயதானவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்ற இரண்டு திட்டங்களும் 1965இல் வந்த சட்டத்தால் அங்கே வரிப்பணத்தில் நடக்கின்றன. மெடிகேரில் மட்டும் ஆறரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள். அவர்களுக்கு முதலாளி தரும் காப்பீடுதான் கதி, வேலை போனால் அதுவும் போகும். இது வந்த வரலாறு வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942இல், சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆசை காட்டின. முதலாளி கட்டும் அந்த பிரீமியத்துக்கு வரி இல்லை என்று 1954 சட்டம் உறுதி செய்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு வரிச் சலுகையின் மேல் ஒரு நாட்டின் வைத்தியம் உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு என் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நம் பக்கத்தில் என்றால் பாதிப் பேர் அன்று மாலையே புத்தூர் கட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். மகளும் மருமகனும் அவனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். சில வாரம் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தை மகள் எனக்கு அனுப்பினாள். தலைப்பிலேயே 'இது பில் அல்ல' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என் வாழ்க்கையில் எத்தனையோ விதமான பில் பார்த்திருக்கிறேன், பில் அல்லாத பில்லை அப்போதுதான் பார்த்தேன். மருத்துவமனை சொன்ன தொகை 7,860 டாலர். காப்பீட்டுக் கம்பெனியுடன் பேசிவைத்த தள்ளுபடி 4,910. மீதி 2,950. காப்பீடு கொடுத்தது என்ற கட்டத்தில் பூஜ்யம். ஆண்டுக்கு முதல் 3,000 டாலரைக் குடும்பமே கட்ட வேண்டும், டிடக்டிபிள் என்கிறார்கள், அதனால் அந்த 2,950உம் இவர்கள் தலையில். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம் தனி. டாக்டர் கட்டணம் இன்னொரு கடிதத்தில் வந்தது. காப்பீடே இல்லாத ஒருவர் அதே கட்டிலில் படுத்திருந்தால் பேரம் 7,860இலிருந்து தொடங்கியிருக்கும். ஒரே மாவுக்கட்டுக்கு ஆளைப் பொறுத்து விலை என்றால், எங்கள் அலுவலகத்தில் அந்த விலைப்பட்டியலைக் கணக்கில் எடுக்கவே விடமாட்டோம்.

ஆனால் அன்பரைப்போல் நானும் ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி அங்கே யாருக்கும் காப்பீட்டை மறுக்க முடியாது. எனக்குச் சர்க்கரை. நம் ஊரில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு நான்கு வருடம் வரை காக்கவைக்கலாம் என்றிருந்ததை 2024இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். ஒபாமா சட்டத்தின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அன்பர் கவனிக்க வேண்டும். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களின் முதலீட்டு வருமானத்தின்மேல் 3.8 சதவீதம் என்று ஒரு வரியும் அதே சமயத்தில் விதித்தார்கள். 2017இல் ஒபாமா சட்டத்தை நீக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில், அந்த 3.8ஐ எடுத்துவிடுவதும் ஒரு பிரிவு. பணக்காரரின் வரியும் ஏழையின் ஆஸ்பத்திரியும் ஒரே மசோதாவில் இருந்தன. செனட்டில் டிரம்பின் கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்ன் தன் கட்சிக்கே எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டியதால் முயற்சி கவிழ்ந்தது. அதற்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று போன மாதம் 10ஆம் தேதி விவாதத்தில் டிரம்பைக் கேட்டார்கள். திட்டத்துக்கான யோசனைகள் இருக்கின்றன என்றார். ஒன்பது வருடமாக யோசிக்கிறார், பாவம். எல்லோருக்கும் மெடிகேர் என்று 2019இல் பேசிய ஹாரிஸ் அதை இப்போது வாயெடுப்பதில்லை. மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது என்று 2022இல் செய்ததைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறார்.

டிரம்பின் பேச்சில் வடஆற்காட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா இறக்குமதிக்கும் 10 அல்லது 20 சதவீதம் சுங்க வரி, அதை வெளிநாட்டுக்காரன் கட்டுவான் என்கிறார். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதி பில் போட்ட யாரையாவது கேளுங்கள். சரக்கு துறைமுகத்தில் இறங்கியதும் சுங்கத்தைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவன். கட்டியதை அவன் ஷூவின் விலையில் ஏற்றுவான், அல்லது அடுத்த ஆர்டரில் நம் முதலாளியின் கழுத்தை நெரிப்பான். நம் முதலாளி பீஸ் ரேட்டில், அதாவது ஒரு ஜோடிக்குத் தரும் கூலியில், கைவைப்பார். அமெரிக்காவில் ஷூ வாங்கும் தொழிலாளியும் பேரணாம்பட்டில் மேல்தோல் தைக்கும் பெண்ணும் சேர்ந்து கட்டும் வரி அது. வருமான வரியையே ஒழித்துவிட்டு சுங்கத்தில் அரசாங்கம் நடத்தலாம் என்றும் போன வாரம் பேசியிருக்கிறார்.

அப்படி ஒரு அமெரிக்கா இருந்தது. அதன் ஒரு துண்டு நம் ஆரணி ரோட்டிலேயே நிற்கிறது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து முடித்து, இங்கே மருத்துவமனை கட்ட நன்கொடை கேட்டபோது, நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் ஷெல் மருத்துவமனை 40 படுக்கையுடன் எழுந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் வேர் அதுதான். அப்போது அமெரிக்காவில் வருமான வரி கிடையாது, அது 1913இல் வந்தது. சுங்கத்திலும் சாராய, புகையிலை வரியிலும்தான் அரசு நடந்தது. பணக்காரனிடம் வரி கேட்காதே, அவனே தர்மம் செய்வான் என்று சொல்பவர்களுக்கு ஷெல் நல்ல உதாரணம். நானும் அந்த மனிதரை நன்றியோடுதான் நினைக்கிறேன். என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது அங்கேதான். ஆனால் காட்பாடி ஜங்ஷனில் ஹவுராவிலிருந்து வரும் ரயிலைப் பாருங்கள். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும் குடும்பங்கள், நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் ஊரிலும் பணக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு ஒரு ஷெல் வரவில்லை, அதனால் அவர்கள் இரண்டு இரவு ரயிலேறி நம் ஊருக்கு வருகிறார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்தக் கோடீஸ்வரரின் மனைவி பெயரும் அதற்கு இல்லை. சோப்பு வாங்கியவர்கள் கட்டியது.

கடைசியாக என் சொந்தக் கணக்கு. எனக்கு 68 வயது. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி 2024இல் வந்த நோட்டீஸில் பிரீமியம் 42,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,560. அரசை நம்பாமல் என் காலில் நிற்கிறேன் என்று நான் முடிவெடுத்ததற்கு அரசு என்னிடம் வசூலிப்பது அது. இதை நீக்கச் சொல்லி மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்கு எழுதினார். அமைச்சர்கள் குழு போட்டிருக்கிறார்கள். எழுபது வயதானவர்களுக்கு வருமான வரம்பு இல்லாத ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டை நேற்றுத்தான் பிரதமர் தொடங்கிவைத்திருக்கிறார், எனக்கு இரண்டு வயது போதவில்லை.

ஆற்காட்டு அன்பரிடம் ஒரு வேண்டுகோள். அவர் வருமான வரி கட்டுகிறவர் என்பதால் அவருடைய ரிட்டர்னில் வரித் தொகைக்குக் கீழே உள்ள கட்டத்தைப் பார்க்கட்டும். 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்' என்று ஒரு கூடுதல் வரி 4 சதவீதம் இருக்கும். 2018 வரை அது கல்விக்கு மட்டும், 3 சதவீதம்; பிறகுதான் சுகாதாரத்தைச் சேர்த்து 4 ஆக்கினார்கள். செஸ் என்று வசூலிப்பதை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளைப் பெரும்பாலும் நடத்துவதோ மாநிலம். சுகாதாரத்தின் பேரைச் சொல்லி என்னிடமும் அவரிடமும் பிடித்த காசில் வேலூர் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்று அவர் கேட்டு எழுதினால், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். பீடி சுற்றுகிறவர் மேல் இருக்கும் கோபத்தில் பாதியை அங்கே திருப்பினால் போதும்.

ஆசிரியருக்கும் ஒன்று. முடிவு வரும் நாளில் துளசேந்திரபுரத்து வெடியையோ அழுகையையோ முதல் பக்கத்தில் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்பக்கத்தில் கால் பக்கமாவது, ஜெயித்தவரின் வரித் திட்டம் ஆம்பூர் ஷூ தொழிலை என்ன செய்யும் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
காந்தி நகர், காட்பாடி.

பின்குறிப்பு: என் பெயரை வெளியிட வேண்டாம். மருமகனுக்கு விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கிறது. யார் ஜெயித்தாலும் நான் எழுதியதைப் படிக்கப்போவதில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்க மாட்டேன் என்கிறார்.